இந்தியாவா, சீனாவா, ரஷ்யாவா, ஐரோப்பாவா: மாலத்தீவுச் சுற்றுலாவின் நான்கு வாசல்கள்

2019இல் மாலத்தீவுக்கு அதிகப் பயணிகளை அனுப்பிய நாடு சீனா. அடுத்த நான்கு ஆண்டுகள் அந்த இடம் இந்தியாவுக்குப் போனது. 2023இல் இந்தியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் தலா 2 லட்சத்து 9 ஆயிரம் பேர் வந்தார்கள்; முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே நூறு பேர்கூட வித்தியாசம் இல்லை. 2024இல் சீனா மறுபடி முதலிடத்தைப் பிடிக்க, இந்தியா ஆறாவது இடத்துக்கு இறங்கியது. இத்தனை இடமாற்றங்களுக்கு நடுவிலும் மொத்த வருகை 17 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கு மேல் உயர்ந்ததால், பயணிகள் சந்தையைப் பரவலாக்கிச் சுற்றுலாவை வளர்த்த தீவு நாட்டுக்கு மாலத்தீவையே உதாரணமாகக் காட்டுகிறார்கள். அது பாதி உண்மை. முதலிடத்தில் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பது வேறு, ஒருவர் வராமல் போனாலும் வீடு ஆட்டம் காணாமல் இருப்பது வேறு. நான்கு சந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கேள்வியைவிட, எந்தக் காரணத்தால் வராமல் போவார்கள், எந்த மாதத்தில் வருவார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன்.

ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட இந்த நாட்டுக்குச் சுற்றுலாவைத் தவிர பெரிய தொழில் என்றால் மீன்பிடிதான். 1960களில் வந்த ஐ.நா. குழு இங்கே சுற்றுலாவுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. அதன் பிறகு ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண ஏற்பாட்டாளரின் ஆர்வத்தாலும் உள்ளூர் இளைஞர்கள் சிலரின் துணிச்சலாலும் 1972 அக்டோபரில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. (மாலத்தீவின் மொழியான திவேஹியில் இளந்தேங்காயைக் குறிக்கும் அந்தச் சொல், நம்முடைய ‘குரும்பை’க்கு உறவுக்காரர்போல ஒலிக்கிறது.) அன்று முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்தாலி, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய மேற்கு ஐரோப்பிய நாடுகளே இத்தொழிலைத் தாங்கின. 2004 டிசம்பர் சுனாமிக்கு மறு ஆண்டு வருகை 6 லட்சத்து 16 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 95 ஆயிரமாகச் சரிந்தபோதும், 2008இன் நிதி நெருக்கடி ஐரோப்பியர்களின் பணப்பையைச் சுருக்கியபோதும், வேறு திசையிலும் ஆள் தேட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 2010இல் சீனா பிரிட்டனை முந்தியது.

சீனச் சந்தையின் கவர்ச்சி அதன் அளவில் இருக்கிறது. 2014இல் வந்த 12 லட்சம் பேரில் 3 லட்சத்து 63 ஆயிரம் பேர் சீனர்கள், அதாவது பத்தில் மூன்று பேர். சீனப் புத்தாண்டிலும், ஐரோப்பியர்கள் குறையும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் அவர்கள் வருவது கூடுதல் வசதி. ஆனால் இந்தச் சந்தையின் குழாயைத் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் பெய்ஜிங்கின் கையில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் அன்றைய அதிபர் யாமீன் நெருக்கடி நிலையை அறிவித்தவுடன், அங்கே போக வேண்டாம் என்று சீன அரசு தன் மக்களுக்கு அறிவுரை விடுத்தது. அது புத்தாண்டு விடுமுறைக்குச் சற்று முன்பு, அறைகளெல்லாம் பதிவாகியிருந்த நேரம். கொரோனாக் காலத்தில் சீனா தன் கதவை அடைத்தது, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் திறக்கவே இல்லை. 2023 பிப்ரவரியில் குழுச் சுற்றுலாவை மீண்டும் அனுமதித்தபோதும், எந்தெந்த நாடுகளுக்குப் போகலாம் என்று அரசுதான் பட்டியல் போட்டது. அந்த முதல் பட்டியலின் இருபது நாடுகளில் மாலத்தீவும் இடம்பெற்றது அதன் அதிர்ஷ்டம். ஒரு பட்டியலில் இருப்பதும் இல்லாததும் ஓராண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும் என்றால், அந்தச் சந்தை எவ்வளவு பெரியதானாலும் அதன்மேல் அஸ்திவாரம் போட முடியாது.

இந்தியாவின் நிலை வேறு. கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூரு ஆகிய நகரங்களிலிருந்து மாலத்தீவின் தலைநகர் மாலேக்குப் போவது, டெல்லி போவதைவிடக் குறைந்த நேரம் பிடிக்கும் பயணம். 2020 ஆகஸ்டில் இரு நாடுகளும் சிறப்பு விமான ஏற்பாட்டைச் செய்துகொண்டதும், வெளிநாடு போக வேறு வழியில்லாத இந்திய நடுத்தர வர்க்கமும் திரை நட்சத்திரங்களும் மாலத்தீவை நிரப்பினார்கள். 2021இல் வந்த இந்தியர்கள் 2 லட்சத்து 91 ஆயிரம் பேர். இந்தச் சந்தையை எந்த அமைச்சகமும் பட்டியல் போட்டு நடத்துவதில்லை. ஆனால் மக்கள் மனநிலை நடத்துகிறது. 2024 ஜனவரியில், லட்சத்தீவுக்குப் போய்வந்த இந்தியப் பிரதமரைக் குறித்து மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் சமூக ஊடகங்களில் இழிவாக எழுதியதும் புறக்கணிப்புக் குரல் எழுந்தது; அவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட பிறகும் அது அடங்கவில்லை. அந்த ஆண்டு இந்தியர்களின் எண்ணிக்கை சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. சீனாவில் அரசு செய்ததை இங்கே மக்களே கைபேசியில் செய்து முடித்தார்கள். அதே ஆண்டின் நடுவில் மாலத்தீவின் சுற்றுலா அமைச்சர் டெல்லி, மும்பை, பெங்களூரு என்று ஊர் ஊராக வந்து அழைப்பு விடுக்க வேண்டியிருந்தது.

2024 ஜனவரியில் இந்தியாவுடன் உறவு கசந்துகொண்டிருந்த அதே வாரம், அதிபர் முய்சு பெய்ஜிங்கில் இருந்தார். கொரோனாவுக்கு முன்பிருந்த முதலிடத்துக்குச் சீனா திரும்ப வர வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டார். கேட்டபடி நடந்தது. சீனர்கள் 2 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டினார்கள், இந்தியாவால் ஏற்பட்ட பள்ளம் நிரம்பியது. கணக்கேட்டை மட்டும் பார்ப்பவர், இதுதானே பரவலாக்கத்தின் பலன், ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்குகிறதே என்று கேட்பார். மொத்தக் கூட்டலில் அவர் சொல்வது சரி என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தியாவும் சீனாவும் இங்கே தனித்தனியாக அசையும் இரண்டு சந்தைகள் அல்ல, ஒரே தராசின் இரண்டு தட்டுகள். மாலேயில் ஆட்சி மாறும்போதெல்லாம் தட்டு ஏறி இறங்குகிறது. இந்தியக் குடும்பங்களுக்காகச் சைவச் சமையல்காரரை வேலைக்கு வைத்த விடுதிக்காரர், மறு பருவத்தில் சீன மொழி பேசும் வரவேற்பாளரைத் தேட வேண்டும். இணையப் பதிவுத் தளமும் பணம் செலுத்தும் முறையும் முகவர்களும் எல்லாமே வேறு. பெரிய ரிசார்ட்டுகள் அந்தச் செலவைத் தாங்கும். எட்டு அறை வைத்திருப்பவரால் முடியாது.

ரஷ்யச் சந்தையைப் பற்றிப் பொதுவாக இருக்கும் பயம், போரும் பொருளாதாரத் தடையும் அதை முடித்துவிடும் என்பது. நடந்தது அதற்கு நேர்மாறு. 2022 மார்ச்சில் ரஷ்ய வங்கிகள் தந்த சர்வதேசக் கடன் அட்டைகள் வெளிநாடுகளில் செயலிழந்தன, ரஷ்ய விமான நிறுவனமான ஏரோஃப்ளோட் பெரும்பாலான வெளிநாட்டுச் சேவைகளை நிறுத்தியது. அப்படியிருந்தும் அந்த ஆண்டு மாலத்தீவுக்கு வந்த ரஷ்யர்கள் 2 லட்சத்தை ஒட்டியே இருந்தார்கள். ஐரோப்பிய வான்வெளி அவர்களுக்கு மூடப்பட்டதால், திறந்திருந்த சில வாசல்களில் ஒன்றாக மாலத்தீவு ஆனதுதான் காரணம். பக்கத்து நாடான இலங்கையில், 2022 ஜூனில் கொழும்பு நீதிமன்ற உத்தரவால் ஏரோஃப்ளோட் விமானம் ஒன்று கட்டுநாயக்காவில் நிறுத்திவைக்கப்பட, அந்நிறுவனம் இலங்கைச் சேவையையே சில மாதங்கள் கைவிட்டது. ஒரு வணிக வழக்கு ஒரு சந்தையை மூடிய கதை அது. குளிரிலிருந்து தப்பி வந்து நீண்ட நாள் தங்கும் ரஷ்யர்கள் நல்ல விருந்தினர்கள்தான். ஆனால் அவர்களின் வரவு, வேறெங்கே போக முடியும் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய வாசல் மறுபடி திறக்கும் நாளில் இந்த எண்ணிக்கை நிற்குமா என்பது ஐயத்துக்குரியது.

இவர்களோடு ஒப்பிட்டால் பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் சலிப்பூட்டும் அளவுக்கு நிதானமானவை. 2019இல் மூன்று நாடுகளிலிருந்தும் தலா ஒன்றேகால் லட்சத்துக்கும் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் வந்தார்கள். திடீர்ப் பாய்ச்சல் இல்லை, அரசியல் கோபத்தில் ஒரே வாரத்தில் கலைந்து போவதும் இல்லை. ஒரே தீவுக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரும் தம்பதிகள் ஐரோப்பியர்களில்தான் அதிகம் என்று ரிசார்ட் நடத்துபவர்கள் சொல்வார்கள். குறை என்னவென்றால், அவர்கள் வருவது வறண்ட வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில். திவேஹியில் ‘இருவை’ எனப்படும் அந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பருவத்துக்குப் பிறகு, ‘ஹுளங்கு’ என்ற தென்மேற்குக் காற்று மழையோடு வரும்போது அறைகள் காலியாகும். ரஷ்யர்கள் அதிகம் வருவதும் அதே இருவைக் காலத்தில்தான் என்பதால், ஐரோப்பாவோடு ரஷ்யாவைச் சேர்ப்பது, நிரம்பிய அறைக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடுவதுபோல.

மாதங்களை வைத்து அடுக்கினால் படமே மாறுகிறது. மே மாதத்தில் ஐரோப்பியர்கள் கிளம்பும்போது இந்தியாவில் பள்ளி விடுமுறை நடந்துகொண்டிருக்கிறது. மழைக்குப் பழகிய கேரளத்துக் குடும்பத்துக்கு ஹுளங்கு பெரிய தடையல்ல. ஜூலை, ஆகஸ்டில் சீனக் கோடை விடுமுறை. அக்டோபர், நவம்பரில் தீபாவளி. ஆக இந்தியாவையும் சீனாவையும் முதலிடத்துக்குப் போட்டியிட வைப்பதைவிட, மழைக்கால மாதங்களை நிரப்பும் துணைச் சந்தைகளாகக் கருதி, அந்த மாதங்களுக்கு மட்டும் விலையையும் விமான இருக்கைகளையும் அமைத்துக்கொண்டால், தட்டு ஏறி இறங்குவதால் வரும் அடி பாதியாகும். பரவலாக்கம் உண்மையிலேயே வேலை செய்ததற்குச் சாட்சி, 2021 மே மாதம். இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தெற்காசியப் பயணிகளுக்கு விசா தருவதை மாலத்தீவு ஜூலை நடுப்பகுதிவரை நிறுத்திவைத்தது. தன் முதலிடச் சந்தையைத் தானே மூடிய அந்த இரண்டு மாதங்களில் ரிசார்ட்டுகளைப் பிழைக்க வைத்தவர்களில் ரஷ்யர்களே முன்னணியில் இருந்தார்கள்.

எந்தச் சந்தை வேண்டும் என்பதை விளம்பரம் சொல்வதைவிட வரி அமைப்பு உரக்கச் சொல்கிறது. ரிசார்ட்டில் தங்குபவர் ஓர் இரவுக்குச் செலுத்தும் பசுமை வரி 2025 ஜனவரியில் 6 டாலரிலிருந்து 12 டாலராக உயர்ந்தது. மக்கள் வாழும் ஊர்த்தீவுகளில் உள்ள சிறு விருந்தினர் இல்லங்களுக்கு அது 3 டாலரிலிருந்து 6 டாலரானது. சுற்றுலாச் சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். இவை தங்கும் நாளுக்கும் செலவுக்கும் ஏற்றபடி ஏறுபவை. ஆனால் 2024 டிசம்பரில் சாதாரண வகுப்புப் பயணிக்கு 30 டாலரிலிருந்து 50 டாலராக உயர்த்தப்பட்ட புறப்பாட்டு வரி தலைக்கு இவ்வளவு என்று வாங்கப்படுவது. பத்து இரவு தங்கும் ஜெர்மானியருக்கு அது இரவுக்கு 5 டாலர்; மூன்று இரவு தங்கும் பெங்களூர்க்காரருக்கு இரவுக்குக் கிட்டத்தட்ட 17 டாலர், நால்வர் கொண்ட குடும்பமானால் மொத்தம் 200 டாலர். ஒரு கையால் இந்தியர்களை அழைத்துக்கொண்டு மறு கையால் குறுகிய காலப் பயணத்துக்கு அபராதம் போடும் ஏற்பாடு இது. மழைக்கால மாதங்களில் இந்த வரியைக் குறைத்தால் ஏற்படும் இழப்பைவிட, நிரம்பும் அறைகளால் வரும் சேவை வரி கூடுதலாக இருக்கும் என்றே தோன்றுகிறது.

இந்த இடத்தில் விருந்தினர் இல்லங்களை விட்டுவிட முடியாது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்ற பழைய ஏற்பாட்டில் பயணிகள் ஒரு பக்கமும் ஊர் மக்கள் மறு பக்கமும் இருந்தார்கள். முன்னாள் அதிபர் நஷீதின் ஆட்சிக் காலத்தில்தான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்குக் கதவு திறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் இன்று தெருவுக்குத் தெரு அறைகள் கிடைக்கின்றன. ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர் கொடுக்க முடியாத இந்தியரும், தனியாகச் சுற்றும் ஐரோப்பிய இளைஞரும் இந்த வழியில்தான் உள்ளே வர முடிந்தது. சந்தையைப் பரவலாக்குவதற்கு முன்பு, வருபவருக்குத் தகுந்த பாயை விரிக்க வேண்டுமல்லவா? மேலும், இறக்குமதியை நம்பிய இந்த நாட்டில் ரிசார்ட்டில் செலவாகும் டாலரில் கணிசமான பகுதி வெளியே போய்விடுகிறது. நாமக்கல் முட்டையும் தூத்துக்குடியிலிருந்து போகும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் அதில் ஒரு சிறு பங்கு. விருந்தினர் இல்லத்தில் விழும் காசிலும் அதே கசிவு உண்டு என்றாலும், இல்லத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் அந்தத் தீவுக்காரராகவே இருப்பார்.

கடைசியாக, நான்கு சந்தைகளின் பட்டியலில் தெரியாத ஐந்தாவது சார்பு ஒன்று இருக்கிறது. ஐரோப்பியர்களில் பலரும் ரஷ்யர்களில் ஒரு பகுதியினரும் துபாய், தோகா, அபுதாபி வழியாகவே மாலே வருகிறார்கள். 2025 ஜூனில் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தனித்தனிச் சந்தைகள் என்று எண்ணியவை ஒரே கதவு வழியாக வருபவை என்பது வெளிப்பட்டது. அதற்கு அடுத்த மாதம் மாலேயின் வேலானா விமான நிலையத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அந்தப் பெரிய முனையத்துக்கு நேரடி விமானங்களை வரவழைப்பதும், வடகோடியில் இந்தியக் கடனுதவியில் விரிவாக்கப்பட்ட ஹனிமாதூ விமான நிலையத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் சிறு விமானங்களை ஒழுங்காக ஓட்டுவதும், அடுத்த முதலிடம் யாருக்கு என்ற போட்டியைவிட அவசரமான வேலைகள். ஹனிமாதூவில் இறங்குபவர் மாலேயையும் கடல் விமானத்தையும் தொடாமல், படகிலேயே வடக்குத் தீவுகளின் விருந்தினர் இல்லங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். மூன்று இரவுக்கு வருபவருக்கு ஒரு பகல் மிச்சம்.