காட்டில் படியும் துகள்களை அளக்க ஒரு லேசர் துகள்மானி: பயன்பாட்டு மதிப்புரை

காற்றில் மிதக்கும் நுண்துகள்களை, அவற்றின் மீது பட்டுச் சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு எண்ணும் கையடக்கக் கருவிகள் இப்போது பல கிடைக்கின்றன. அத்தகைய ஒரு மாதிரியில் இரண்டை வாங்கி, ஒன்றை மர உச்சிகளுக்கு மேலே எழும் கம்பத்திலும் மற்றொன்றை மரத்தடியில் ஆளுயரத்திலும் பொருத்தி, காடு எவ்வளவு துகளைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது என்று அறிய ஒரு பருவம் முழுவதும் முயன்றேன். நான் சொல்லப்போகும் இயல்புகள் இந்த வகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். கருவி எடை குறைந்தது. சிறிய மின்கலத்தில் இயங்குகிறது. நொடிக்கொரு முறை அளவு தருகிறது. இரவில் இலைக்கூரைக்குக் கீழே தேங்கிக் கிடந்த காற்று, வெயில் ஏறியதும் மேலுள்ள காற்றோடு கலப்பதை, இரு வரைகோடுகளும் ஒன்றையொன்று நெருங்கி வருவதிலேயே பார்த்துவிடலாம். தொலைவிலிருந்து வரும் புகையையும் அது தவறவிடுவதில்லை.

ஆனால், காற்றில் இருக்கும் துகளை எண்ணுவது வேறு, இலையில் படிந்த துகளை எண்ணுவது வேறு. துகள் எவ்வாறு படியும் என்பதைப் பெரும்பாலும் அதன் அளவே முடிவுசெய்கிறது. 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள், காற்று மூலக்கூறுகள் மோதுவதால் அங்குமிங்கும் அலைக்கழிந்து இலைப்பரப்பைத் தொடுகின்றன. சில மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட பெரிய துகள்களோ, காற்று ஊசியிலையைச் சுற்றி வளைந்து செல்லும்போது அதனுடன் வளைய முடியாமல் நேரே போய் மோதுகின்றன. அமைதியான காற்றில் தம் எடையாலும் இறங்குகின்றன. நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரோமீட்டர் துகள் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். 30 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்கு மூன்று மணி நேரம் போதும். 1 மைக்ரோமீட்டர் துகளுக்கு அதே தூரத்தைக் கடக்க ஏறக்குறைய பத்து நாட்கள் ஆகும். இந்த இரு முனைகளுக்கும் இடையே, சுமார் 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள்தாம் எதிலும் எளிதில் அகப்படாதவை.

கருவியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. பெரிய துகள்களைப் பொறுத்தவரை, அதன் சிறு மின்விசிறி இழுக்கும் காற்றோடு வளைந்து உள்ளே நுழைய அவற்றால் இயலாது. ஊசியிலையில் மோதவைக்கும் அதே நிலைமமே கருவியின் வாயைத் தவறவிடவும் வைக்கிறது. மகரந்தம் இதனாலேயே ஏறக்குறைய முழுவதும் விடுபட்டுப்போகிறது. ஆக, காடு மிகக் குறைவாகப் பிடிக்கும் அளவினைத்தான் இக்கருவி மிக நன்றாகப் பார்க்கிறது. இடைப்பட்ட அளவுகள் அறிஞர்களுக்கும் எளிதாக இருந்ததில்லை: 1982-ல் ஸ்லின் என்ற ஆய்வாளர் தாவரப் பரப்புகளுக்காக வகுத்த மாதிரியின் வழிவந்த கணக்குகள், இந்த இடைப்பட்ட துகள்கள் படியும் வேகத்தை மிகைப்படுத்தின என்பது 2020-ல் வெளியான ஆய்வில்தான் தெளிவாயிற்று.

வாங்கும்போது நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. மேலும் கீழும் உள்ள அளவுகளுக்கிடையே காடு உண்டாக்கும் வேறுபாடு மிகச் சிறியது; இரண்டு கருவிகளையும் அருகருகே வைத்தாலே, ஒன்று 20 காட்டும் நேரத்தில் மற்றொன்று 22 காட்டியது. சில நாட்கள் அருகருகே இயக்கி ஒப்பிட்டுத் திருத்தியும், வாரந்தோறும் இடம் மாற்றியும் பார்த்தேன். பிழை குறைந்ததே தவிர மறையவில்லை. ஈரப்பதம் இன்னொரு இடர். உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போவதால், ஈரமான இரவுகளில் மரத்தடிக் கருவி துகள் பெருகிவிட்டதாகக் காட்டும். நுழைவாயில் சூடேற்றி உள்ள மாதிரிகளில் இத்தொல்லை குறையும். சிலந்திகளுக்கு அந்த நுழைவாயில் மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படிந்ததை அறிய, பறித்த இலைகளைத் தூய நீரில் கழுவி, அந்நீரை வடிதாளில் வடித்து, உலர்த்தி எடைபோடும் பழைய முறையையே கடைசியில் நாடினேன். இலைமேல் உள்ள மெழுகுப் படலத்துக்குள் புதைந்த துகள்களை வெளிக்கொணர நீர் போதாது, கரைப்பான் தேவை. அத்துடன், மழை பெய்தால் படிந்ததில் ஒரு பகுதி தரைக்குப் போய்விடும் என்பதால் பறிக்கும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உழைப்பு மிகுதிதான். ஆனாலும் இலைமேல் உண்மையில் இருப்பது எவ்வளவு என்று அந்த வடிதாள் மட்டுமே சொன்னது.

காட்டுக்குள் புகையோ தூசியோ வரும் நேரத்தை மட்டும் அறிய விரும்புவோர் இந்தத் துகள்மானியைத் தயங்காமல் வாங்கலாம். நானோ, மூன்றாவது கருவிக்காக ஒதுக்கியிருந்த தொகையை ஒரு நுண்தராசுக்கு மாற்றிவிட்டேன்.