டாக் சோல்ஜர்ஸ் 4கே: இருட்டு இருட்டாகத் தெரியும் டிஸ்க்

பிரிட்டிஷ் இயக்குநர் நீல் மார்ஷலின் முதல் படத்தைப் பழைய டிஸ்கில் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். சிப்பாய்கள் ஓநாய் மனிதர்களிடம் சிக்கும் கதை, 2002இல் வந்த 'டாக் சோல்ஜர்ஸ்'. அதை செகண்ட் சைட் நிறுவனம் 2022இல் 4கே டிஸ்காக (ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான படம் தரும் டிஸ்க்) வெளியிட்டது. இதில் பெரிய விஷயம் 4கே அல்ல, ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து (படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்) எடுத்திருப்பதுதான். 2015இல் அமெரிக்காவில் வந்த ப்ளூ-ரேக்கு நெகட்டிவ் கிடைக்கவில்லை. தியேட்டருக்குப் போன 35 மி.மீ. பிரிண்டுகளை வைத்துச் செய்தார்கள். பிரிண்டில் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏற்கெனவே ஏறியிருக்கும். அதை ஸ்கேன் செய்தால் நிழலுக்குள் இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும், முகங்கள் வெளுத்துப்போகும்.

இந்தப் படத்துக்கு அது பெரிய அடி. இதில் வரும் ஓநாய் மனிதர்கள் கம்ப்யூட்டரில் செய்தவை அல்ல. பொய்க்கால் மாதிரி உயரம் கூட்டிய உடைக்குள் நடனக் கலைஞர்கள் நிற்கிறார்கள். முழு வெளிச்சத்தில் காட்டினால் ரப்பர் தெரிந்துவிடும். அதனால் ஒளிப்பதிவாளர் சாம் மெக்கர்டி பின்னாலிருந்து ஒளி அடித்து, புகை விட்டு, காது, தோள், நகம் என்று விளிம்பை மட்டும் காட்டுகிறார். ஒருவர் ஓநாயாக மாறும் இடத்தில்கூட அந்த ஆள் மேசைக்குப் பின்னால் விழுந்துவிடுகிறார், எழும்போது ஓநாய். அந்த விளிம்புக் கோடு இப்போதுதான் சரியாகப் பிரிந்து தெரிகிறது.

எதை, எவ்வளவு நேரம் காட்டலாம் என்ற கணக்கு மார்ஷலுக்கு எடிட்டிங் மேசையிலிருந்து வந்தது. 1970இல் நியூகாசிலில் பிறந்தவர். சிறுவயதில் சூப்பர் 8 கேமரா, பிறகு அதே ஊர் பாலிடெக்னிக்கில் சினிமாப் படிப்பு, அதன்பின் எடிட்டர் வேலை. குண்டூரில் பிறந்த பரத் நல்லூரி இயக்கிய 'கில்லிங் டைம்' (1998) படத்துக்குத் திரைக்கதையில் பங்கு, எடிட்டிங்கும் மார்ஷலே. டாக் சோல்ஜர்ஸ் கதையோடு ஆறு வருஷம் அலைந்தார். எழுதி, இயக்கி, வெட்டியதும் அவர்தான்.

அந்தக் கை எப்படிப்பட்டது என்று தெரிய, குடல் சரிந்த சார்ஜெண்ட் வெல்ஸுக்கு (ஷான் பெர்ட்வீ) சூப்பர் குளூ போட்டு வயிற்றை ஒட்டும் காட்சியைப் பாருங்கள். போதையில் இருப்பவர் தன்னை அடித்து மயக்கச் சொல்கிறார். கூப்பர் (கெவின் மெக்கிட்) விடும் முதல் குத்தில் மயக்கம் வருவதில்லை, திட்டுதான் வருகிறது. இரண்டாவது குத்தில்தான் வேலை முடிகிறது. சிரிப்புக்கும் அருவருப்புக்கும் நடுவே ஒரு ஃப்ரேம்கூட வீணாகவில்லை. அற்புதமான வெட்டு.

படம் சூப்பர் 16 என்ற 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. 35 மி.மீ. ஃப்ரேமில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பரப்புதான், ஆகவே கிரெயின் (ஃபிலிமில் இயல்பாக உள்ள பொடிப் புள்ளிகள்) பெரிதாகத் தெரியும். அது டிஸ்கின் குறை அல்ல. டிவியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஓடிக்கொண்டிருந்தால் கிரெயினை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். முகம் மெழுகு பூசியதுபோல ஆகும். அதையும், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். இவற்றையெல்லாம் தானே அணைக்கும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதையே வையுங்கள். அறை விளக்கையும் அணைப்பது அவசியம், இல்லையென்றால் நெகட்டிவைத் தேடிப் பிடித்த பலன் போய்விடும்.

வாங்குமுன் பிளேயரைப் பாருங்கள். 4கே டிஸ்குக்கு ரீஜியன் பூட்டு (குறிப்பிட்ட நாடுகளின் பிளேயரில் மட்டும் ஓடவைக்கும் தடை) கிடையாது, எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். கூட வரும் ப்ளூ-ரே ரீஜியன் பி. இந்தியா, இலங்கை ரீஜியன் சி. சிங்கப்பூர், மலேசியா ரீஜியன் ஏ. இந்த நான்கு நாடுகளிலும் சாதாரண பிளேயரில் அந்த ப்ளூ-ரே ஓடாது. பிஎஸ்5இல் (பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் டிரைவ் இருந்தால்) 4கே டிஸ்க் ஓடும், ஆனால் ஒளி-இருட்டு வித்தியாசத்தைக் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் டால்பி விஷன் வராது, அதைவிட எளிய எச்டிஆர்10 தான். பிஎஸ்4 ப்ரோவில் 4கே டிஸ்க் அறவே ஓடாது. தமிழ் சப்டைட்டில் இல்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வது நல்லது, சிப்பாய்கள் பேசும் வட்டார ஆங்கிலம் வேகமானது.

இணைப்புகளில் மார்ஷலின் கமெண்டரியும், செட் வடிவமைத்த சைமன் போல்ஸின் பேட்டியும் தவறவிடக்கூடாதவை. படத்துக்கு முன்பே மார்ஷலின் 'காம்பாட்' (1999) குறும்படத்தைப் பார்த்துவிடுங்கள். மதுக்கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நோட்டம் விடுகிறார்கள், காதில் விழுவதோ போர்க்களச் சத்தம்.