நூலக அட்டையில் விளையாட்டு: டிஸ்க்கா, பெட்டியா?

அமெரிக்கா, கனடாவில் பல ஊர்களின் பொது நூலகங்கள் புத்தகத்தோடு வீடியோ கேமும் போர்டு கேமும் இரவல் தருகின்றன. பெரும்பாலும் அதே அட்டைதான், தனிக் கட்டணம் கிடையாது. கன்சோலில் (டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவி) போடும் புது கேம் ஒன்று கடையில் 70 டாலரையும் தாண்டுகிற காலத்தில் இதை விட்டுவைக்க மனசு வராது. ஆனால் இரண்டில் எதை எடுப்பது என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது.

வீடியோ கேமுக்கு எதிரி நேரம். இரவல் காலம் ஊருக்கு ஊர் மாறும். ஒரு வாரம் தருகிற இடமும் உண்டு, மூன்று வாரம் தருகிற இடமும் உண்டு. 2023இல் வந்த செல்டா என்ற சாகச கேமில் கதையை மட்டும் முடிக்கவே 50 மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு மூன்று வாரமும் போதாது. அடுத்தவர் முன்பதிவு செய்திருந்தால் நீட்டிக்கவும் விடமாட்டார்கள். ஒரு ஆறுதல், ஸ்விட்ச், பிஎஸ்5 கன்சோல்களில் சேவ், அதாவது நாம் எதுவரை ஆடினோம் என்ற பதிவு, நம் கன்சோலிலேயே தங்கிவிடும். திருப்பிக் கொடுத்து, மறுபடி வரிசையில் நின்று வாங்கினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் சின்ன கேமாகப் பார்த்து எடுங்கள். லூயிஜிஸ் மேன்ஷன் 3 மாதிரி என்றால் 15 மணி நேரம் போதும். மரியோ கார்ட் மாதிரி பந்தய கேமுக்கோ முடிவே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கன்சோல் வாங்கும்போதே இதையும் யோசிக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கன்சோலில் டிஸ்க் டிரைவ் கிடையாது, நூலக டிஸ்க்கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கணினி கேம் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் 1990இல் மென்பொருளை வாடகைக்கு விடத் தடை வந்தபோதுகூட, லாப நோக்கமில்லாத நூலகங்கள் இரவல் தர விலக்கு கொடுத்தார்கள். சட்டம் விட்டாலும், கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் விடவில்லை. வாங்கியவரின் கணக்கோடு கேம் ஒட்டிக்கொள்கிறது.

போர்டு கேமுக்கு நேரம் பெரிய பிரச்சினை இல்லை, ஒரு சாயங்காலத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். அங்கே சிக்கல் ஆட்களும் துண்டுகளும். காட்டான் (Catan, 1995) என்ற கேமின் அடிப்படைப் பெட்டிக்கு மூன்று பேராவது வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்றால் கார்காசோன் (2000) எடுங்கள். தோற்றால் பலகையைக் கவிழ்க்கிற பிள்ளை இருந்தால் பாண்டமிக் (2008) சரியாக வரும். அதில் எல்லோரும் ஒரே கட்சி, தோற்றாலும் சேர்ந்தே தோற்கலாம். விதிப் புத்தகத்தை மட்டும் யாராவது ஒருவர் முன்கூட்டியே படித்துவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்தபின் வாசிக்க ஆரம்பித்தால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் துண்டுகள். டிக்கெட் டு ரைடில் ஆளுக்கு 45 ரயில் பெட்டி, ஐந்து நிறத்துக்கும் சேர்த்து 225. சோபாவுக்கு அடியில் ஒன்று போனாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். சில நூலகங்களில் பெட்டியை எடை போட்டே சரிபார்க்கிறார்கள். எடுத்த அன்றே எண்ணிப் பார்த்து, குறை இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். திருப்பும்போது புத்தகம் போடும் துவாரத்தில் திணிக்காமல் கவுண்டரில் கொடுங்கள். பாண்டமிக் லெகசி வகையை அலமாரியில் தேடி அலைய வேண்டாம். சீட்டைக் கிழித்து, பலகையில் ஸ்டிக்கர் ஒட்டி ஆடுகிற கேமை இரவல் கொடுத்தால் அடுத்தவருக்கு என்ன மிஞ்சும்?

கன்சோலே இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி, நூலகத்திலேயே ஆடுவது. பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தில் கேம் அறைகளே இருக்கின்றன. நல்ல வசதிதான், ஆனால் பெரிய கதை கேமுக்கு ஆகாது.

குடும்பமாக இருப்பவர்களுக்கு என் ஓட்டு போர்டு கேமுக்கு. கடையில் ஆசைப்பட்டு வாங்கும் பெட்டிகள் பல, இரண்டு ஆட்டத்தோடு பரணுக்குப் போய்விடுகின்றன. நூலகத்தில் எடுத்தால் அந்தக் காசு மிச்சம். தனியாக இருப்பவர், அல்லது ஆள் சேர்க்க அலுப்புப்படுகிறவர் டிஸ்க்கே எடுக்கலாம், 20 மணி நேரத்துக்குள் முடிகிறதாக. செல்டா மாதிரிப் பெரிய கேம் என்றால் முதல் வாரம் நூலகப் பிரதியில் ஆடிப் பாருங்கள். பிடித்தால் பழைய பிரதி ஒன்றை விலைக்கு வாங்கிவிடலாம், கன்சோலில் தங்கிய அந்த ‘சேவ்’ பதிவை வைத்தே தொடரலாம்.