பழைய மேஸி 1035: ஒரிஜினல் பாகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டிராக்டரில் எது கம்பெனியிலிருந்தே வந்த பாகம், எது பின்னால் மாட்டியது என்று தெரிய வேண்டுமானால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். 9/16 ஸ்பேனரை எடுத்து போல்ட்டில் போட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது மேஸி 1035. அப்பா எண்பதுகளில் வாங்கியது. இன்றைக்கும் குறுவைக்கும் சம்பாவுக்கும் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறது. குதிரைத்திறன், கியர், டீசல் செலவெல்லாம் இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். சமீபத்தில் பின் ஆக்ஸிலைப் பிரித்து வேலை பார்த்தோம். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் போல்ட். இந்த வண்டியின் மூலம் இங்கிலாந்து மேஸி 35. சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி 1960இல் தொடங்கியபோது அந்த வடிவமைப்போடு இஞ்ச் மரையும் சேர்ந்தே வந்தது. அதனால் அந்தக் காலத்து வண்டியில் 3/8 போல்ட்டுக்கு 9/16 ஸ்பேனர்தான் ஏறும். 9/16 என்றால் 14.29 மிமீ. 14 ஸ்பேனர் ஏறாது, 15 ஆடும். அந்த இடத்தில் 17 ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால், யாரோ 10 மிமீ போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். போல்ட்டின் மண்டையையும் பாருங்கள். நடுவிலிருந்து மூன்று கோடு பிரிந்தால் இஞ்ச் போல்ட், 8.8 என்று எழுதியிருந்தால் மில்லிமீட்டர் போல்ட். 3/4 ஸ்பேனரை மட்டும் நம்பாதீர்கள், 19 ஸ்பேனரும் அதே போல்ட்டில் ஏறிவிடும்.

போல்ட்தானே, மாறினால் என்ன என்று கேட்கலாம். 3/8 என்பது 9.5 மிமீ சொச்சம். அதில் 10 மிமீ போல்ட் போக வேண்டுமானால் ஓட்டையைப் பெரிதாக்கி டேப் அடித்துப் புது மரை வெட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஒரிஜினல் போல்ட் அதில் நிற்காது. 5/16 இன்னும் மோசம். 8 மிமீ போல்ட்டும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே தடிமன், ஆனால் மரையின் இடைவெளி வேறு. கையால் திருகினால் இரண்டு மரை அழகாக உள்ளே போகும், அப்புறம் இறுகும். அங்கே நிறுத்த வேண்டும். நம் ஆட்கள் நிறுத்துவதில்லை, ஸ்பேனரில் பைப்பைச் சொருகி அழுத்துவார்கள். வார்ப்பில் இருக்கிற மரை பொடிப்பொடியாக வந்துவிடும். என் வண்டியின் முன்பக்கக் கவரில் இப்படி நசுங்கிய ஓட்டைகள் இருக்கின்றன. ஆயில் கசிகிறது என்று ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒரு பாக்கெட் கேஸ்கெட் பேஸ்டைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார். வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பேஸ்ட் பிதுங்கியிருக்கும் இடங்களைக் கவனித்தால் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும்.

அடுத்தது காஸ்டிங், அதாவது வார்ப்பு. மேஸி பாகங்களின் எண் ஆறேழு இலக்கத்தில் போய் எம்1, எம்2 என்று முடியும். எம் எழுத்துக்குப் பின்னால் வரும் எண் அது அந்தப் பாகத்தின் எத்தனையாவது வடிவம் என்பதைக் காட்டும். எம்91 என்றிருந்தால் பல உறுப்புகள் சேர்ந்த அசெம்பிளி. வார்ப்பில் புடைத்து நிற்கிற எண் வேறு, புத்தகத்தில் இருக்கிற பாக எண் வேறு. ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு பாகம் செய்வார்கள். அதனால் எண் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து டூப்ளிகேட் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

எண்ணைவிட எழுத்தின் விளிம்புதான் முக்கியம். விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், நல்ல வார்ப்பில் ஓரம் கூர்மையாகத் தெரியும். டூப்ளிகேட் போடுகிற சில பட்டறைகளில் ஒரிஜினல் பாகத்தையே மணலில் பதித்து அச்சு எடுப்பார்கள். எழுத்து மழுங்கிவிடும், அல்லது எழுத்தையே தேய்த்துவிட்டுப் பதிப்பார்கள். அதோடு இரும்பு உறைந்து ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். அச்சுக்கு வைத்ததே முடிந்த பாகம் என்றால், வருகிற நகல் அந்த அளவுக்குச் சின்னது. ஒரு அடி நீள பிராக்கெட்டில் அது 3 மிமீ. அதனால்தான் அதன் ஓட்டைகள் நேராக உட்காராது. மெக்கானிக் அரத்தால் ராவி ஓட்டையை முட்டை வடிவமாக்கி மாட்டுவார். முட்டை வடிவ ஓட்டையும் அதன்மேல் தடிமனான வாஷரும் தெரிந்தால், அந்தப் பாகம் பின்னால் வந்தது.

பானெட், மட்கார்டு விஷயத்தில் நான் கவலைப்படுவதில்லை. டூப்ளிகேட்டைத் தட்டினால் கணீரென்று கேட்காமல் டப்பா போலக் கேட்கும், அவ்வளவுதான். மூன்று முக்கோண எம்பளம் ஸ்டிக்கராக இருந்தாலும் உழவு நிற்காது. டீசல் பம்ப் அப்படியல்ல. சி.ஏ.வி. கம்பெனியுடையது ஆனாலும் மைக்கோ கம்பெனியுடையது ஆனாலும் பம்பின் உடம்பில் பெயர்த் தகடு இருக்க வேண்டும், அதில் டைப் எண்ணும் சீரியல் எண்ணும் தெரிய வேண்டும். தகடு இருந்த இடம் மொட்டையாக இருந்தால், வேறு வண்டிப் பம்பு ஏறியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனிப் பெட்டியில் வராததெல்லாம் டூப்ளிகேட் இல்லை. சிம்சன் இன்ஜின், இந்தியா பிஸ்டன்ஸ், பைமெட்டல் பேரிங்ஸ், டாஃபே எல்லாமே அமால்கமேஷன்ஸ் என்ற ஒரே தொழில் குழுமத்தின் கீழ் வளர்ந்தவைதான். பிஸ்டன், பேரிங் எல்லாம் செய்தவர்களின் சொந்தப் பெட்டியிலேயே கிடைக்கும். எங்கள் இன்ஜின் வேலையில் அப்படி வாங்கிப் போட்டதில் ஒரு குறையும் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் கழற்றி விற்கிற பழைய பாகம்கூட, அது ஒரிஜினலாக இருந்தால், பளபளவென்று வரும் புதிய நகலைவிட மேல்.

இப்போது அந்த எரிச்சலுக்குக் காரணமான ஆயில் சீலுக்கு, பின் ஆக்ஸிலில் ஆயில் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையத்துக்கு, வருகிறேன். கம்பெனிப் பெட்டி, கம்பெனி ஸ்டிக்கர், விலையும் அதற்கேற்ற மாதிரிதான். உள்ளே இருந்ததோ வேறு சரக்கு. பெட்டியைக் காட்டிக் கொடுத்த கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு குறுவை சேற்றுழவுக்குக்கூடத் தாங்கவில்லை. ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கி, வாய்க்கால் கரையில் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. கழற்றிப் பார்த்தால் சீலின் உதட்டில் இருக்க வேண்டிய சுருள் ஸ்பிரிங் தளர்ந்து தொங்குகிறது, ரப்பர் நகத்தால் கீறினால் வெடிக்கிறது. நல்ல சீலின் ரப்பரை மடித்தால் திரும்பி வரும், அளவும் தயாரித்தவரின் பெயரும் அதன்மேலேயே பதிந்திருக்கும். இதில் ஒன்றும் இல்லை. கடையில் நிற்கும்போதே பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதே வேலையில்தான் இன்னொன்றும் பார்த்தேன். ஹைட்ராலிக் மேல்மூடியைத் திறந்தபோது, உள்ளே ஆயிலில் மூழ்கிக் கிடக்கிற பம்பு அப்பா வாங்கியபோது வந்த அதே பம்பு. எந்தப் போல்ட்டிலும் ஸ்பேனர் பட்ட காயம் இல்லை, மண்டையில் மூன்று கோடும் தெளிவாக இருந்தது. கல்டிவேட்டரைத் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்தினால் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அப்படியே நிற்கிறது. மண் இறுகினால் கலப்பை தானாகக் கொஞ்சம் எழும்பிக் கொடுக்கிற அந்த டிராஃப்ட் கன்ட்ரோலை யோசித்த ஹாரி ஃபெர்குசன் 1960இலேயே காலமாகிவிட்டார், சென்னையில் டாஃபே தொடங்கிய அதே ஆண்டு. மெக்கானிக் தம்பி “அண்ணே, திறந்ததுதான் திறந்தோம், புது பம்பு போட்டுடலாமா?” என்று கேட்டான். மூடியை மூடு என்றேன்.

சரி, பழைய 1035 வாங்கலாமா? உழவுக்கு இதைவிட அடக்கமான வண்டி எனக்குத் தெரியாது. பாகம் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருக்கிறார். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விற்கிறவர் “எல்லாமே ஒரிஜினல்” என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். எந்தெந்தப் பாகம், எந்தக் கடையில், ஏன் மாற்றினேன் என்று வரிசையாகச் சொல்கிறவரிடம் மட்டும் தயங்காமல் வாங்கலாம். அப்படி ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.