பென்டாக்ஸ் கே1000: அவசரக்காரர்களுக்கு ஆகாத கேமரா

1976-இல் வெளிவந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த ஃபிலிம் கேமரா இது. இப்போது யாராவது பயன்படுத்திய கேமராவாகத்தான் கிடைக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் ஷட்டர், முழுக்க இயந்திர விசையால் இயங்குவது. பேட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம், வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி மட்டும் படுத்துவிடும். ஆட்டோஃபோகஸ் இல்லை. செல்ஃப் டைமர்கூட இல்லை.

எங்கள் மாடிப்படிச் சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல் விழும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் ஓரத்தில் ஒளிமானியின் முள் ஆடும். வெளிச்சம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். ஷட்டர் வேகத்தையும் லென்ஸின் துவாரத்தையும் மாற்றி மாற்றி அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக, கலங்கலாக இருந்த சுவர் தெளிகிறது. வெள்ளை உதிர்ந்த இடம் முதலில் தெரிந்தது. அடுத்து நிழலின் விளிம்பு. ஜன்னலை ஒட்டிய பக்கம் கோடு கிழித்தாற்போலவும், தள்ளிப்போகப் போகக் கரைந்தும் இருந்தது. தினமும் ஏறி இறங்கும் படிதான். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

எடுத்த படத்தை உடனே பார்க்க இதன் முதுகில் திரை கிடையாது. பலர் இதைக் குறையென்பார்கள். நான் மதிப்பெண் போடுவதே இதற்குத்தான். செல்போனில் எடுத்த கையோடு கண் பொருளை விட்டுப் படத்துக்குத் தாவிவிடுகிறது. இங்கே தாவ இடமில்லை, மறுபடியும் சுவரைத்தான் பார்த்தாக வேண்டும். சுருளுக்கு 36 படம் என்ற கணக்கு வேறு இருப்பதால் கண்டதையெல்லாம் சுட மனம் வராது. பல சமயம் எடுக்காமலே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். (ஃபிலிமின் நிறமே தனி என்று சிலாகிப்பவர்கள் உண்டு. அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை, தேடவும் இல்லை.)

ஓடியாடும் குழந்தையை இதில் பிடிப்பது பெரும்பாடு. லென்ஸ் இல்லாமலே 600 கிராமைத் தாண்டும் கனம். கழுத்தில் மாட்டிக்கொண்டு வெகுதூரம் நடக்க முடியாது. ரசீதைப் படமெடுக்கவும், வீட்டு விசேஷத்துக்கும் செல்போனே போதும்.

வாங்குவதானால் ஃபிலிம் போடாமல் பின்மூடியைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்திப் பாருங்கள். மூடியோரத்து நுரைப்பட்டை பிசுபிசுத்திருந்தால் வெளிச்சம் கசியும், மாற்றிக்கொள்வது நல்லது. ஒளிமானியை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது, ஆகவே பேட்டரி வீணாகாமல் இருக்க, எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள்.