கொழிஞ்சாம்பாறை மாடி ஆபீஸ்ல ஐடிஆர் (வருமான வரி ரிட்டன்) பைல் பண்ணுன அனுபவம்

ரெண்டு மாசமா "நீ எங்க பைல் பண்ணுன, எவ்ளோ வாங்குனாங்க"ன்னு கம்பெனில ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்காங்க, அதனால மொத்தமா எழுதிடறேன். கேரளா, பாலக்காடு ஜில்லால இருக்குற கொழிஞ்சாம்பாறைல பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து போற தூரம்தான், ஒரு உரக்கடைக்கு மேல மாடியில சின்ன டாக்ஸ் ஆபீஸ். ஒரு அக்கா, கூட ஒரு பையன், ரெண்டு கம்ப்யூட்டர். போர்டு மலையாளத்துலயும் தமிழ்லயும் இருக்கும். பேரு போட வேண்டாம்னு அக்காவே சொல்லிட்டாங்க, இருக்குற கூட்டமே தாங்கலைங்கறாங்க. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை எதுக்கு கொறைச்சேன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல நான் எதுக்கு அங்க போனேன்னு சொல்லணும். நான் கஞ்சிக்கோட்டுல வேலை பாக்கறேன், எங்க செட்ல பாதி பேருக்கு ஒரே ஏஜென்ட்தான் பைல் பண்ணிட்டு இருந்தாரு, கம்பெனி குடுக்கற சம்பளம், வரிக்கான சான்று பார்ம் 16ஐ வாட்ஸாப்ல அனுப்பி ஓடிபி சொன்னா போதும், கொஞ்ச நாள்ல ரீபண்ட் அக்கவுண்ட்ல விழும், அதுல நூத்துக்கு பத்து அவருக்கு. 2023-24 வருமானத்துக்கு எனக்கு 31,200 ரூபா வந்துச்சு, சந்தோசமா 3,120ஐ ஜிபேல போட்டு விட்டேன். கம்பெனி சரியாத்தானே புடிச்சாங்க, அப்புறம் எப்படி இவ்ளோ திரும்ப வருதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருக்கணும்.

2025 ஜூலை 14 அன்னிக்கு வருமான வரித்துறை நாடு முழுக்க 150 எடத்துல சோதனை போட்டதா அறிவிச்சாங்க, பொய்யா கழிவு போட்டு ரீபண்ட் வாங்கிக் குடுக்கற ஆளுங்களை புடிக்கறதுக்கு. முந்தின நாலு மாசத்துல சுமார் 40,000 பேரு தாங்களாவே ரிட்டனை திருத்தி 1,045 கோடி ரூபா பொய் க்ளெய்மை வாபஸ் வாங்கிட்டாங்கன்னும் சொன்னாங்க. அதை படிச்சப்பதான் எனக்கு வயித்துல புளி கரைச்சுது. எங்க லைன்ல ஒருத்தருக்கு டிபார்ட்மெண்ட்ல இருந்து மெசேஜ் வந்துருச்சு, எனக்கு ஒண்ணும் வரல, வரலையேன்னு நிம்மதியா இருக்கறதா பயப்படறதான்னே தெரியல. வீட்டுல சொன்னா அம்மா அழுவாங்க. எங்க சித்தப்பாதான் "மாடி ஆபீஸ் அக்காகிட்ட போ, திட்டுவாங்க, ஆனா சரி பண்ணிக் குடுப்பாங்க"ன்னு அனுப்புனாரு.

அக்கா திட்டல. உக்கார வெச்சு, "தம்பி, உங்க லாகின்ல யாரு போன் நம்பர் இருக்கு பாருங்க"ன்னு கேட்டாங்க. உள்ள போய் பார்த்தா மெயில் ஐடியும் என்னோடது இல்ல, போன் நம்பரும் என்னோடது இல்ல. அந்த ஏஜென்டோடதும் இல்ல, அதுக்குன்னே ஆரம்பிச்சு விட்டுட்டுப் போன ஒரு மெயில். டிபார்ட்மெண்ட் எனக்கு எழுதுனது எல்லாம் யாருமே தொறக்காத ஒரு பெட்டிக்குள்ள போயிட்டு இருந்திருக்கு. எனக்கு கை நடுங்கிடுச்சு. முதல் வேலையா பாஸ்வேர்டை ஆதார் ஓடிபி வெச்சு மாத்த வெச்சாங்க, என் நம்பர், என் மெயில் போட வெச்சாங்க, டைப் பண்ணதெல்லாம் நான்தான், அக்கா கீபோர்டு பக்கமே வரல. பாஸ்வேர்டை அவங்ககிட்ட சொல்லவும் விடல. இதுக்காகவே இந்த எடத்தை சொல்லுவேன், நான் பாத்த வரைக்கும் மத்த எடத்துல எல்லாம் நோட்டுல பான் நம்பருக்கு நேரா பாஸ்வேர்டை எழுதி வெச்சிருப்பாங்க.

அப்புறம் பழைய ரிட்டனை தொறந்தா, அரசியல் கட்சிக்கு நன்கொடை குடுத்ததா 80ஜிஜிசி பிரிவுல ஒன்றரை லட்சம். நான் எந்த கட்சிக்கும் அஞ்சு பைசா குடுத்தது இல்ல. நான் அப்ப பழைய ரெஜிம்ல இருந்தேன், அதாவது கழிவெல்லாம் போட்டு வரி பாக்கற பழைய முறை, அதுல 20 சதவீத ஸ்லாபுக்கு ஒன்றரை லட்சத்தை கழிச்சா 30,000, மேல செஸ் 4 சதவீதம் 1,200, சரியா அந்த 31,200 வந்து நிக்குது. அக்கா பேப்பர்ல கணக்கு போட்டு காட்டுனதும்தான் அது என் காசு இல்லைன்னே எனக்கு உறைச்சுது.

ஐடிஆர்-யுன்னு ஒண்ணு இருக்கு, அப்டேட்டட் ரிட்டன். அசெஸ்மெண்ட் வருசம் (வருமானம் வந்த வருசத்துக்கு அடுத்த வருசம்) முடிஞ்சு 12 மாசத்துக்குள்ள போட்டா, பாக்கி வரியையும் வட்டியையும் கூட்டி அந்த மொத்தத்துக்கு மேல 25 சதவீதம் சேத்து கட்டணும், 24 மாசம்னா 50, அதுக்கு மேல 60, 70ன்னு ஏறும், முன்னாடி ரெண்டு வருசம்தான் டைம் இருந்துச்சு, 2025 பட்ஜெட்ல நாலு வருசம் ஆக்கிட்டாங்க. ரிட்டனை தோண்டிப் பாக்கறோம்னு ஸ்க்ரூட்டினி நோட்டீஸ் வந்துட்டா அந்த வருசத்துக்கு இந்த கதவு மூடிடும், எனக்கு நல்ல வேளையா அது வரல, திருத்துங்கன்னு சொல்ற மெசேஜ்தான் வந்திருந்துச்சு. 31,200 வாங்குனவன் வட்டியோட சேத்து 47,000க்கு மேல திருப்பி கட்டுனேன். வலிச்சுது, ஆனா அக்கா 270ஏ பிரிவு பத்தி சொன்னாங்க, தப்பா காட்டுனதுன்னு அவங்களே புடிச்சா வரிக்கு மேல 200 சதவீதம் வரைக்கும் அபராதம். அதுக்கு இது எவ்வளவோ பரவால்லன்னு கட்டிட்டு வந்து அன்னிக்கு ராத்திரிதான் ஒழுங்கா தூங்குனேன்.

இனி இந்த வருச கணக்கு, 2024-25க்கு. இதுல எனக்கு புதுசா ஒரு விசயம் சேந்துச்சு. அப்பா தென்னந்தோப்பை என் பேருக்கு எழுதி வெச்சுட்டாரு, செலவெல்லாம் போக தேங்காய்ல 60,000 நின்னுச்சு. விவசாயத்துக்கு வரி இல்லையே, எதுக்கு காட்டணும்னுதான் நம்ம பக்கம் எல்லாரும் சொல்லுவோம். அக்கா சொன்னது என்னன்னா, 10(1) படி தேங்காய்க்கு வரி இல்ல, அது நெஜம், ஆனா விவசாய வருமானம் 5,000க்கு மேல இருந்து மத்த வருமானமும் வரி இல்லாத வரம்பை தாண்டுனா, அதை கூட்டித்தான் உங்க சம்பளம் எந்த ஸ்லாபுல விழுதுன்னு பாப்பாங்க. ஐடிஆர்-1ங்கற சின்ன பார்ம்லயும் போட முடியாது, ஐடிஆர்-2 பார்ம்தான்.

புரியலன்னு சொன்னேன். ஒரு வெள்ளத்தாளை எடுத்து எழுதுனாங்க, அதை நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். சம்பளமும் எஃப்டி வட்டியும் சேத்து 9,60,000. புது ரெஜிம்ல ஸ்டாண்டர்டு கழிவு 75,000 போனா 8,85,000. தேங்காய் இல்லாம வரி 38,500. தேங்காயை கூட்டுனா 9,45,000, அதுக்கு வரி 44,500. அப்புறம் வரி இல்லாத வரம்பு 3 லட்சத்தோட தேங்காய் 60,000ஐ கூட்டி அந்த 3,60,000க்கு வர்ற வரி 3,000த்தை கழிச்சிடறாங்க. மிச்சம் 41,500, செஸ் சேத்து 43,160. தேங்காய் இல்லன்னா 40,040தான், ஆக தேங்காயால சம்பளத்து மேல ஏறுன வரி 3,120. இவ்ளோதான். இந்த 3,120க்கு பயந்துட்டு எத்தனை பேரு தோப்பை மறைக்கறாங்களோ தெரியல.

பழைய ரெஜிமும் போட்டு காட்டுனாங்க, அதான் நான் நேர்மைன்னு சொல்றது, கேக்காமயே ரெண்டையும் போட்டாங்க. எல்ஐசி, பிஎப், பாப்பா ஸ்கூல் ட்யூசன் பீஸ் எல்லாம் சேத்து 80சில 1,20,000, ஹெல்த் இன்சூரன்ஸ் 80டில 18,000, ஸ்டாண்டர்டு கழிவு 50,000, பஞ்சாயத்து புடிக்கற தொழில் வரி 2,500, எல்லாம் கழிச்சும் தேங்காயோட சேத்து வரி 78,416 வருது. முப்பத்தஞ்சாயிரம் வித்தியாசம். வீட்டு லோன் வட்டி ரெண்டு லட்சம், வாடகை, பெத்தவங்களுக்கு இன்சூரன்ஸ்னு நெறைய இருக்கறவங்களுக்குத்தான் பழையது சரிப்படும், எனக்கு சொந்த வீடு, லோனும் இல்ல. சம்பளக்காரங்க வருசா வருசம் மாத்திக்கலாம், ஆனா கடைசி தேதிக்குள்ள போட்டாதான் பழையதை எடுக்க முடியும், லேட்டா போட்டா புதுசுதான்.

அக்காவோட வேலை பாக்கற விதம் ஒண்ணு சொல்லணும். ஏஐஎஸ்ஸை, அதான் நம்ம பேர்ல வந்த வருமானத்தை டிபார்ட்மெண்ட் வெச்சிருக்கற லிஸ்ட்டை, பிரிண்ட் எடுத்து டேபிள்ல விரிச்சு, ஒரு மர அடிஸ்கேலை ஒரு ஒரு வரிக்கு கீழயும் வெச்சு, "இது என்ன, இது என்ன"ன்னு கேட்டுட்டே இறங்குவாங்க, பதில் சொன்னாதான் செவப்பு பேனால டிக். என்னோடதுல ஒரு எஃப்டி வட்டி இருந்துச்சு, நான் மறந்தே போயிட்டேன், பாப்பா காதுகுத்துக்கு வந்த மொய்ப்பணத்தை போட்டு வெச்சது. ஸ்கேல் அங்கயே நின்னுடுச்சு, நான் யோசிச்சு சொல்ற வரைக்கும் அக்கா அதை நகத்தவே இல்ல. அதுக்கு 80டிடிஏ போடலாமான்னு கேட்டேன், எஃப்டிக்கு கிடையாது, சேவிங்ஸ் வட்டிக்குத்தான், அதுவும் பழைய ரெஜிம்ல 10,000 வரைக்கும்னு சொன்னாங்க.

எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஒருத்தரு கோயமுத்தூர்ல வேலை, வேலந்தாவளத்துல அம்மா வீட்டுலயே இருக்காரு, அம்மாவுக்கு வாடகை குடுக்கறதா எச்ஆர்ஏ (வாடகைப்படிக்கான கழிவு) போடணும்னாரு. அக்கா கேட்டது மூணே கேள்வி, வீடு அம்மா பேர்லயா, மாசாமாசம் பாங்குல காசு போகுதா, அம்மா அதை அவங்க வருமானமா காட்டுவாங்களா. போகுதுன்னா போடலாம், தப்பே இல்ல, இல்லன்னா நான் போட மாட்டேன்னுட்டாங்க. வருச வாடகை ஒரு லட்சத்துக்கு மேலன்னா வீட்டுக்காரரோட பான் வேணும், கோயமுத்தூருக்கு அடிப்படை சம்பளத்துல 40 சதவீத கணக்குத்தான், 2024-25 கணக்குக்கு 50 சென்னை மும்பை டெல்லி கொல்கத்தாவுக்கு மட்டும்தான் இருந்துச்சு. அவரு கோவிச்சுட்டு எறங்கி போயிட்டாரு. அக்கா அடுத்த டோக்கனை கூப்பிட்டாங்க.

அப்பாவையும் ஒரு நாள் கூட்டிட்டு போனேன். அவருக்கு வரி வர்ற அளவு வருமானம் இல்ல, ஆனா பாங்குல வட்டிக்கு டிடிஎஸ்னு முன்னாடியே வரி புடிச்சிட்டு இருந்தாங்க, அப்ப இருந்த 15எச் பார்ம் குடுத்தா புடிக்க மாட்டாங்கன்னு அவருக்கு யாரும் சொன்னதே இல்ல. பாங்குல போனா மலையாளத்துல சொல்லுவாங்க, பார்ம் இங்கிலீஸ்ல இருக்கும், அப்பாவுக்கு தமிழ்தான் படிக்க தெரியும். அக்கா ஒவ்வொரு கட்டமும் தமிழ்ல சொல்லி அவரையே கையெழுத்து போட வெச்சாங்க. எறங்கி வரும்போது அப்பா அந்த பார்ம் காப்பியை மடிக்காம கையிலயே புடிச்சுட்டு வந்தாரு.

இப்ப அந்த அரை மார்க். டோக்கன் சிஸ்டம் சரியில்ல, போன்ல அப்பாயின்ட்மென்ட் தர மாட்டாங்க. 2025ல ஜூலை 31ங்கற கடைசி தேதியை செப்டம்பர் 15க்கு தள்ளி கடைசில ஒரு நாள் சேத்து 16 ஆக்குனாங்க பாருங்க, அந்த கடைசி வாரம் படிக்கட்டு வரைக்கும் ஆளு, உக்கார எடமில்ல, குடிக்க தண்ணியும் இல்ல, வயசானவங்களுக்கு அந்த குறுகலான படி ரொம்ப கஷ்டம். வாட்ஸாப்ல கேட்டா மூணு நாள் கழிச்சுத்தான் பதில். கீழ ஒரு சேர் போட்டு பெரியவங்களுக்கு பையனை அனுப்பலாம், சொல்லிட்டு வந்திருக்கேன்.

சார்ஜ் ஐடிஆர்-1க்கு 600, ஐடிஆர்-2க்கு 1,000, ஐடிஆர்-யுக்கு 1,500 வாங்குனாங்க, ரசீது உண்டு. ரீபண்ட்ல பங்கு பேச்சே கிடையாது. இ-வெரிபை (ரிட்டன் நம்மளோடதுதான்னு ஆன்லைன்ல உறுதி பண்றது) பண்ணாம எந்திரிக்க விட மாட்டாங்க, 30 நாள் டைம் இருந்தாலும் அங்கயே ஆதார் ஓடிபி போட்டுத்தான் அனுப்புவாங்க.

2025-26 கணக்குக்கு எனக்கு வரியே வராதாம், அந்த வருசத்துல இருந்து புது ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் ரிபேட்ங்கற வரி தள்ளுபடி, சம்பளக்காரங்களுக்கு 12,75,000. அப்ப பைல் பண்ண வேண்டாமான்னு கேட்டேன், 4 லட்சத்தை தாண்டுனா வரி இல்லன்னாலும் பைல் பண்ணியே ஆகணும்னாங்க. 2026 ஏப்ரல்ல இருந்து புது சட்டம் வேற, 1961 சட்டம் போய் 2025 சட்டம், 80சிங்கறது அதுல 123, அக்கா முன்னாடியே பழைய நம்பருக்கு நேரா புது நம்பர் எழுதி சுவத்துல ஒட்டிட்டாங்க, அந்த சார்ட் முழுசும் தமிழ்ல.

2024-25 கணக்கை செப்டம்பருக்குள்ள போடாதவங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருந்துச்சு, லேட் பீஸ் 5,000, வருமானம் 5 லட்சத்துக்குள்ளன்னா 1,000. போகும்போது பான், ஆதார், பார்ம் 16, எல்லா பாங்கு பாஸ்புக், ஆதார்ல இருக்குற நம்பரோட போன், தோப்பு இருந்தா தேங்காய் வித்த சீட்டு எல்லாம் எடுத்துட்டு போங்க. காலைல பத்து மணிக்கு தொறக்கறாங்க, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான், ஞாயிறு லீவு.