சைட் வேலைக்கு எந்த ஷூ வாங்கலாம்? நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் பார்த்த வரை

சேஃப்டி ஷூ வாங்கப் போகிற நம்ம ஆட்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அப்புறம் ஷூவின் மூக்கை விரலால் தட்டிப் பார்த்து இரும்பு இருக்கிறது என்று தெரிந்ததும் பில் போடச் சொல்லிவிடுவார்கள். இரும்பு வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் ஷூவைச் சீக்கிரம் சாகடிப்பது ஈரம். ஜூனில் தொடங்குகிற தென்மேற்கும் அக்டோபரில் வருகிற வடகிழக்கும் இரண்டுமே நமக்கு மழை தருகிறது, நனைந்த ஷூ ராத்திரியில் காய்வதில்லை, காலையில் அதே ஈரத்தில் காலை விட்டால் நாலு நாளில் விரலிடுக்கில் புண். அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரே ஒரு பெரிய ஷூ வாங்குவதைவிட, ஆயிரம் சொச்சத்துக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள டபுள் டென்சிட்டி பி.யு (பாலியூரித்தேன், அதாவது லேசான நுரை போன்ற பிளாஸ்டிக் சோல்) ஷூ ஒன்று, கூடவே தண்ணீர் புகாத உயரமான பூட், அதுதான் கம்பூட், ஒன்று. வீடு கட்டுகிற வேலைக்கு இதுதான் சரியான ஜோடி.

பிராண்டைக் கேட்டு வாங்குவதில் பெரிய பயன் இல்லை. பாட்டா, லிபர்ட்டி, ஹில்சன், ஆலன் கூப்பர் என்று பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பார்கள், ஒரே கம்பெனியிலேயே பல தரம் வரும், பெட்டியைப் பார்த்துத் தரம் தெரியாது. ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பி.வி.சி சோல் மலிவு, ஆனால் கனம் அதிகம், சாயங்காலம் ஆனால் குதிகால் வலிக்கும், ஈரமான டைல்ஸ் மேல் வழுக்கும். பி.யு சோல் லேசானது. அதில் டபுள் டென்சிட்டி என்றால் காலுக்குப் பக்கத்தில் மெத்தென்று ஒரு அடுக்கு, தரையில் படுகிற பக்கம் கெட்டியாக இன்னொரு அடுக்கு, நாள் முழுக்க நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் முட்டியில் தெரியும். நைட்ரைல் ரப்பர் சோல் கனமும் விலையும் கூடுதல், ஆனால் சூடு தாங்கும். எச்.ஆர்.ஓ என்று குறி இருந்தால் 300 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வைத்துச் சோதித்த சோல் என்று அர்த்தம். நான்கு வழிச்சாலையில் தார் போடுகிற வேலைக்குப் போகிறவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும், பி.யு அங்கே தாங்காது. மற்றவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம்.

இன்னொரு விஷயம், இது நம்ம ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. வளைகுடாவில் இருந்து லீவில் வருகிறவர்கள் கம்பெனி கொடுத்த புது சேஃப்டி ஷூவை அப்படியே பெட்டியோடு கொண்டு வந்து கொடுப்பார்கள், நாமும் பத்திரமாகப் பரணில் வைத்துவிடுவோம். எங்கள் சைட்டில் எலக்ட்ரிக்கல் பார்க்கிற தம்பி ஒருவன் மாமா தந்த ஷூவை இப்படி வைத்திருந்து, சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டு வந்தான். மேல்தோல் பளபளவென்று இருந்தது, மத்தியானத்துக்குள் சோல் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. போலி ஷூ இல்லை அது. பி.யு காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதைகிற பொருள், போடாமல் வைத்திருந்தாலும் சிதையும், சொல்லப்போனால் போட்டு நடக்கிற ஷூவைவிட மூடி வைத்த ஷூவில்தான் இது அதிகம் நடக்கிறது. ஆகவே கடையில் ஆஃபர் என்று பாதி விலைக்குத் தந்தால் எப்போது உற்பத்தி செய்தது என்று பாருங்கள், தரச்சான்று உள்ள ஷூவில் அது பொறித்திருக்கும். இரண்டு மூன்று வருஷப் பழசு என்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ முத்திரையோடு என்ன எண் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஐ.எஸ். 15298 பாகம் 2 என்றால் மூக்கில் 200 ஜூல் அடி தாங்கும், அதாவது 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து விழுகிற அடி. பாகம் 3 என்றால் அதில் பாதி, 100 ஜூல். பாகம் 4-க்கு இந்த மூக்குக் காப்பே தேவையில்லை. மூன்றுமே ஐ.எஸ்.ஐ தான், கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் செங்கலும் கம்பியும் தூக்குகிறவருக்கு வேண்டியது பாகம் 2. முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணை, இந்த முத்திரையைத் தருகிற பி.ஐ.எஸ் அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் அடித்தால் அசலா என்று தெரிந்துவிடும், கடையில் நின்றபடியே செய்யலாம்.

அளவுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதில்தான் நம்ம கொத்தனார்கள் பலரும் ஷூவையே வெறுத்துவிடுகிறார்கள். சின்ன வயசில் இருந்து செருப்போடும் வெறுங்காலோடும் நடந்த கால், முன்பக்கம் அகலமாக விரிந்திருக்கும். கூர் மூக்கு ஷூவில் அது சுண்டுவிரலை இரும்போடு சேர்த்து நசுக்கும், தோல் ஷூ என்றால் பழகப் பழக இளகும், இரும்பு இளகாது. ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் முன்னால் இடம் கிடைக்கும், பின்னால் குதிகால் ஏறி இறங்கிக் கொப்பளிக்கும். அகலமான, உருண்டை மூக்கு உள்ள மாடலைத் தேடுங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில், வேலைக்குப் போடுகிற சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். கடையில் நின்று பார்த்தால் போதாது, குத்துக்கால் வைத்து உட்காருங்கள். டைல்ஸ் ஒட்டுகிறவர் பாதி நாள் அப்படித்தான் இருக்கிறார், அப்போது இரும்பின் பின்விளிம்பு விரல் மடங்குகிற இடத்தில் குத்தினால் அந்த ஷூ வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

சென்டிரிங் (கான்கிரீட் போட அடிக்கிற பலகை அச்சு) பிரிக்கிற இடத்தில் ஆணியோடு பலகை கவிழ்ந்து கிடக்கும், அங்கே மூக்கு இரும்பைவிட அடித்தகடுதான் காலைக் காப்பாற்றும். எஸ்1பி அல்லது எஸ்3 என்று குறி இருந்தால் ஆணி ஏறாத தகடு உள்ளே இருக்கிறது. இரும்புத் தகடு கெட்டி, ஆனால் கால் வளையாது, துணி அடுக்கு வளைந்து கொடுக்கும், ஆனால் மெல்லிய கூர் ஆணிக்கு இரும்பு அளவு நம்ப முடியாது. பிரிக்கிற வேலையே பிழைப்பு என்றால் இரும்பு, மற்றவர்களுக்குத் துணி.

கான்கிரீட் போடுகிற அன்றைக்கு இதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு கம்பூட் போடுங்கள். ஈர சிமெண்டின் பி.எச் 12-க்கு மேல், அதாவது கடும் காரம், சுண்ணாம்பு மாதிரியே காலின் தோலை அரிக்கும், அரிக்கிறபோது வலியும் தெரியாது. தோல் ஷூவில் அந்தத் தண்ணீர் இறங்கினால் ஷூவும் போச்சு, காலும் போச்சு. பேன்ட்டை பூட்டுக்கு வெளியே விடுங்கள், உள்ளே சொருகினால் கலவை வழிந்து உள்ளே போய் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். போய்விட்டால் உடனே கழற்றி நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கம்பூட் நானூறு ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, வியர்க்கும், நாறும், முழு நாள் போட முடியாது, ஆனாலும் அந்த விலைக்கு இதைவிட லாபமான பொருள் சைட்டில் இல்லை.

நனைந்த தோல் ஷூவை வெயிலில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். உள்தட்டை உருவி, பேப்பர் திணித்து, ஃபேன் அடியில் வைத்தால் போதும்.

கடைகள் மேல் எனக்கு இருக்கிற பெரிய குறை பெண்களுக்கான அளவு. சித்தாள் வேலைக்கு வருகிற அக்காமார் ஆண்கள் தூக்குகிற அதே கல்லைத்தான் தூக்குகிறார்கள், காலில் ரப்பர் செருப்பு. நாலாம் நம்பர் கேட்டால் "லேடீசுக்கு எல்லாம் வராது" என்று பாதிப் பேர் பெட்டியைக்கூடத் திறப்பதில்லை, இன்னும் சிலர் ஆறாம் நம்பரை நீட்டி இரண்டு சாக்ஸ் போடச் சொல்கிறார்கள். பெண்களுக்கென்று தனி மாடல் சந்தையில் இருக்கத்தான் செய்கிறது, ஆன்லைனில் வருகிறது, ஆனால் போட்டுப் பார்த்து வாங்க முடியாது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எந்தக் கடையிலாவது நாலு, அஞ்சாம் நம்பர் ஸ்டாக் வைத்திருந்தால் சொல்லுங்கள், எங்கள் சைட்டுக்கு இப்போதே வேண்டும்.